கிரேனில் தொங்கிய தேர்தல்

தொழிலாளர் நல அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சட்டப் பிரிவுகளை நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தைவிடச் சத்தமாகப் பேசும் வக்கீல்களும் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பல டன் எடையுள்ள ஓர் இரும்புத் தகட்டுச் சுருளைப் பற்றி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் ஓய்வு பெறும்வரை நல அதிகாரியாக வேலை பார்த்த குழாய் ஆலையில், ஒரு காலை நேரத்தில், அது மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அந்தரத்தில் தொங்கியது. கிரேனில் எந்தப் பழுதும் இல்லை. கம்பியில் பழுதில்லை, மின்சாரம் இருந்தது. தேர்தல் நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கட்சிகளின் பெயரையும் சின்னத்தையும் மாற்றித்தான் சொல்லப்போகிறேன். உண்மையானதைச் சொன்னால் இந்த அறையே இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்துவிடும். ஒன்று ராட்டினக் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், கொடி மஞ்சள். இன்னொன்று பூட்டுக் கட்சி, கொடி பச்சை.

எங்கள் ஆலைக்கு ஒரே ஒரு வாட்ஸப் குழு இருந்தது. ஷிப்ட் மாறினால், பொன்னேரியிலிருந்து வரும் கம்பெனி பஸ் தாமதமானால், அதில் சொல்லுவோம். தேர்தல் நெருங்கியதும் பஸ்ஸைத் தவிர மற்ற எல்லாம் அதில் வர ஆரம்பித்தது. ஆலை மேலாளர் பொறுக்க முடியாமல், "இந்தக் குழுவில் அரசியல் கூடாது" என்று உத்தரவு போட்டார். எங்கள் ஆட்கள் உத்தரவை மதிப்பவர்கள். மறுநாளே இரண்டு புதிய குழுக்களைத் தொடங்கி அங்கே போய்விட்டார்கள். ஒன்றில் ராட்டினக்காரர்கள் மட்டும், மற்றதில் பூட்டுக்காரர்கள் மட்டும். பழைய குழுவில் பஸ் மட்டும் மிச்சமிருந்தது. மேலாளர் இதைத் தன் வெற்றியாகக் கருதி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். லட்டு மஞ்சளாக இருந்ததால் பாதிப் பேர் வாங்கவில்லை.

எல்லோரும் ஒரே கட்சியாக இருக்கும் இடத்தில் சண்டை வராது என்றுதான் மேலாளர் நினைத்தார். சண்டை வரவில்லை, சூடு வந்தது. எல்லோரும் ஒன்றையே சொல்லும் இடத்தில் ஒருவர் தனித்துத் தெரிய வேண்டுமென்றால், அதையே இன்னும் பலமாகச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை "எதிர்க் கட்சிக்காரர்கள் விவரம் தெரியாதவர்கள்" என்று ஒருவர் போட்டால், வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் மனிதப் பிறவியே இல்லை என்கிற அளவுக்குப் போயிருக்கும். மறுத்துப் பேச ஆளில்லை. மறுத்துப் பேச வேண்டியவர் பக்கத்து மெஷினில் நின்றுகொண்டு, தன்னுடைய குழுவில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

கேன்டீன்தான் முதலில் அடிவாங்கியது. காலை நாஷ்டாவுக்குப் பொங்கல் போட்டால் பூட்டுக்காரர்கள் தட்டைத் தள்ளினார்கள், அது மஞ்சளாம். கொத்தமல்லிச் சட்னி வைத்தால் ராட்டினக்காரர்கள் எழுந்துபோனார்கள். கேன்டீன் மாஸ்டர் வேறு வழியில்லாமல் இட்லியும் வெள்ளைத் தேங்காய்ச் சட்னியுமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து, மாஸ்டர் மூன்றாவது அணியிடம் விலைபோய்விட்டார் என்று இரண்டு குழுவிலும் செய்தி வந்தது. இதுவரைக்கும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

கஜேந்திரனும் ஏழுமலையும் பேச்சை நிறுத்தியபோதுதான் சிரிப்பு நின்றது.

கஜேந்திரன் கிரேன் ஆபரேட்டர். ஷெட்டின் கூரைக்குக் கீழே, கிரேனோடு சேர்ந்து நகரும் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். ஏழுமலை சிக்னல்மேன். கீழே நின்று கையால் சைகை காட்டுவார். மேலே இருப்பவருக்குச் சுருளின் அடிப்பக்கம் தெரியாது. கீழே இருப்பவரின் கையைத்தான் நம்பித் தூக்க வேண்டும். இருவரும் ஒரே ஷிப்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்கள். அது போதாதென்று கஜேந்திரனின் தங்கை செல்வியைத்தான் ஏழுமலை கட்டியிருந்தார். கஜேந்திரன் ராட்டினம், ஏழுமலை பூட்டு. கல்யாணத்தன்றே இது தெரிந்த விஷயம்தான். பந்தியில் உட்கார்ந்து கட்சி பேசிச் சண்டை போட்டு, பாயசம் வந்ததும் நிறுத்தியவர்கள் அவர்கள்.

குழு பிரிந்த பிறகு அந்தச் சண்டையும் இல்லாமல் போனது. ஒருநாள் செல்வி கையில் ஒரு பத்திரிகையோடு என் அறைக்கு வந்தார். மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை முழுக்கப் பச்சை நிறம்.

"அழகா இருக்கே," என்றேன்.

"அதான் மேடம் பேஜாரே. இவரு குரூப்புல சொன்னாங்கன்னு பச்சையில அடிச்சிக்கினு வந்துட்டாரு. எங்கண்ணன் அத்த கையாலயே தொட மாட்டேங்குது. பூட்டுக்காரன் ஊட்டு விசேசத்துக்கு வந்தா குரூப்ப விட்டுத் தூக்கிருவாங்களாம். தாய்மாமன் மடியில வெச்சித்தானே மேடம் காது குத்தணும். எம்பொண்ணு யாரு மடியில ஒக்காரும், அந்த செல்போன் மேலயா?"

பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கஜேந்திரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மிகுந்த மரியாதையோடு, "குடும்பம் வேற, கொள்கை வேற மேடம்," என்றார். ஏழுமலையைக் கூப்பிட்டேன். அவரும் அதே மரியாதையோடு அதே வாக்கியத்தைச் சொன்னார். இருவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் கிரேன் சைகைகளில் இரண்டை மட்டும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால், தூக்கு என்று பொருள். கையை முஷ்டியாக மூடினால், நிறுத்து என்று பொருள். தேர்தல் வரும்வரை அவை வெறும் சைகைகள். பிறகு ஒருநாள் பூட்டுக் குழுவில் ஒரு படம் வந்தது. ஏழுமலை விரலைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். கீழே, "நம்மாளு இங்க ராட்டினம் சுத்திக்கினு கீறாரு, பாத்துக்குங்க." அதே நாளில் ராட்டினக் குழுவிலும் ஒரு படம் வந்தது. ஏழுமலை பூட்டைப் போல முஷ்டியை மூடிக் காட்ட, மேலே கூண்டில் கஜேந்திரன் கிரேனை நிறுத்தியிருக்கிறார். கீழே, "பூட்ட காட்னா நம்ம சிங்கம் நின்னுடுது." அன்று முழுக்க இருவர் மானமும் இரண்டு குழுவிலும் காற்றில் பறந்தது.

அதற்குப் பிறகு சில நாள் ஏழுமலை மோவாயைத் தூக்கிக் காட்டித்தான் சுருளைத் தூக்க வைத்திருக்கிறார். பழக்கத்தில் கஜேந்திரனும் தூக்கியிருக்கிறார். இது யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கிறது. ஒரு வியாழக்கிழமை ஓடவில்லை.

நாயுடுபேட்டைக்குப் போக வேண்டிய லாரி ஒன்று ஷெட்டுக்குள் நின்றது. ஏழுமலை மோவாயைத் தூக்க, சுருள் எழும்பி லாரியின் பக்கவாட்டுப் பலகைக்கு மேல் பாதி தூரம் வந்தது. பலகை இடிக்கும் போலிருந்ததால் முஷ்டியை மூடினார். கஜேந்திரன் நிறுத்தினார். ஓரத்திலிருந்து யாரோ, "பூட்டுக்கு நின்னுட்சிடா சிங்கம்," என்றார்கள். அவ்வளவுதான், கஜேந்திரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி முறைப்படி விரல் சுற்றினால்தான் தூக்குவேன் என்று கூண்டிலிருந்து ஷெட்டுக்கே பொதுவாகக் கத்தினார். ஏழுமலை விரலைச் சுற்ற மாட்டேன் என்று இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். சுருளை இறக்கினால் பலகை நொறுங்கும், லாரி சாயும். பின்னால் இழுத்தாலும் ஆடி இடிக்கும். இன்னும் கொஞ்சம் தூக்கினால்தான் எந்தப் பக்கமும் போக முடியும்.

எனக்குச் செய்தி வந்து நான் போனபோது ஷெட் முழுக்கக் கூட்டம். மஞ்சள் ஆட்கள் ஒரு பக்கம், பச்சை ஆட்கள் ஒரு பக்கம். எல்லார் கையிலும் தூக்கிப் பிடித்த செல்போன். நடுவில் லாரி டிரைவர், ஆந்திராக்காரர், வயதானவர், தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். கஜேந்திரனும் ஏழுமலையும் நேராகப் பேசிக்கொள்ளாததால் அவரைத்தான் தூது அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அவர்கிட்ட சொல்லு, சிக்னல் குடுத்தா தூக்குறேன்னு," என்றார் மேலே இருந்தவர்.

"சிக்னல் குடுத்தாச்சின்னு சொல்லு. மோவாய பாக்கலியான்னு கேளு," என்றார் கீழே இருந்தவர்.

டிரைவர் என்னைப் பார்த்து, "அம்மா, நாக்கு ஓட்டே இக்கட லேது. என் வண்டிய விட்டுடச் சொல்லு அவங்கள," என்றார். எனக்கு இங்கே ஓட்டே இல்லை என்று அழாத குறையாகச் சொன்ன அந்த மனிதர்தான் அன்று அந்த ஷெட்டில் தெளிவாக இருந்தவர்.

ஆலை மேலாளர் வந்தார். நிலைமையைப் பார்த்தார். "ரெண்டு பேரையும் சஸ்பெண்ட் பண்ணுங்க மேடம், இப்பவே," என்றார்.

"பண்ணலாம் சார். பண்ணினா கஜேந்திரன் இறங்கிப் போயிடுவார். இதை யார் இறக்குறது?"

அவர் சுருளை அண்ணாந்து பார்த்தார். "அப்ப நீங்களே விரலைச் சுத்துங்க. உங்களுக்குத்தான் எந்தக் கட்சியும் கிடையாதே."

கூட்டம் என்னைப் பார்த்தது. சுற்றிவிடலாம்தான், ஒரு விரல்தானே. உங்களுக்கும் இப்படி ஒரு கணம் வரும். உங்களை நடுநிலை என்று புகழ்ந்து, உங்களுக்குத் தெரியாத வேலையைக் கையில் கொடுப்பார்கள். எந்த அளவுக்குத் தூக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது ஏழுமலைக்குத்தான் தெரியும். "மாட்டேன் சார். நான் சுத்தினா லாரி இருக்காது," என்றேன்.

அப்படியே நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுமலையின் வலது கை பாக்கெட்டுக்குள் துடித்துக்கொண்டிருந்தது. சுருள் லேசாக ஆடும்போதெல்லாம் கை வெளியே வரப் பார்க்கும். உடனே அவர் கண் பச்சை ஆட்களின் செல்போன் பக்கம் போகும், கை உள்ளே போய்விடும். மேலே கஜேந்திரன் கைப்பிடியைத் தொடுவார், மஞ்சள் பக்கம் பார்ப்பார், கையை எடுத்துவிடுவார். இருவருக்கும் சுருளை இறக்க ஆசைதான். ஆனால் அத்தனை செல்போன்களுக்கு முன்னால் இறக்க முடியவில்லை.

ஷெட்டின் மூலையில் கேன்டீனின் டீ ஜன்னல் இருந்தது. மாஸ்டர் அதில் பாதி உடம்பு வெளியே தெரியச் சாய்ந்துகொண்டு, அவரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"மாஸ்டர், போண்டா மாவு இருக்கா?"

"சாயந்தரத்துக்கு மேடம் அது."

"இப்பவே போடுங்க."

"சட்னி?"

"கொத்தமல்லி, தேங்காய், ரெண்டும். பொங்கலும் போடுங்க. யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கட்டும். ஆனா கேன்டீனுக்கு உள்ள வர்றவங்களுக்கு மட்டும்தான்."

ஒலிபெருக்கியில் அறிவிப்புக் கொடுத்தேன். முதலில் யாரும் அசையவில்லை. கொள்கைப் பிடிப்பு இருந்தது. பிறகு எண்ணெயில் மாவு விழும் சத்தம் கேட்டது. வாரக்கணக்கில் வெறும் இட்லி தின்றவர்கள். மஞ்சள் பக்கத்தில் ஒருவர் செல்போனை அணைத்துப் பையில் வைத்தார். எதிர்ப் பக்கம் முழுக்கத் தின்றுவிடுமோ என்ற பயத்தில் பச்சைப் பக்கத்தில் இருவர் ஓடினார்கள். அதைப் பார்த்து மஞ்சள் ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஷெட் காலி.

லாரி டிரைவரைத் தூரமாக, பாதுகாப்புக் கோட்டுக்கு அப்பால் நிற்க வைத்தேன். மேலாளரைப் பார்த்து, "சார், நாமளும் சுவர் பக்கம் திரும்பிக்கலாம்," என்றேன்.

"எதுக்கு?"

"வெட்கப்படறாங்க."

ஆலை மேலாளரும் நல அதிகாரியும் பக்கத்தில் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்களைப் போலச் சுவரைப் பார்த்து நின்றோம். சுவரில் 'பாதுகாப்பே முதன்மை' என்று எழுதியிருந்தது. நான் அதை வாசித்துக்கொண்டேயிருந்தேன். நான் நினைத்தது தவறாக இருந்தால் அடுத்து கேட்கப்போவது பலகை உடையும் சத்தம். கிரேன் மோட்டார் உறுமியது. நின்றது. சக்கரங்கள் நகர்ந்தன. மறுபடி நின்றது. பிறகு மெதுவாக, லாரியின் கட்டையில் சுருள் உட்காரும் சத்தம் வந்தது.

ஏழுமலை எந்த விரலைச் சுற்றினார், சுற்றினாரா இல்லையா என்று இன்றுவரை என்னால் சாட்சி சொல்ல முடியாது. லாரி டிரைவர் பார்த்திருப்பார். அவர் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு விசாரணை. மேலாளர் சஸ்பெண்ட் உத்தரவைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இருவரையும் என் அறையில் எதிரெதிரே உட்காரவைத்தேன். அவர்கள் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு உங்களை அவமானப்படுத்திய படத்தைக் காட்டுங்கள் என்றேன். இரண்டு செல்போன்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

பூட்டுக் குழுவில் அதைப் போட்டவர் பெயர் 'உண்மை விளம்பி'. ராட்டினக் குழுவில் போட்டவர் 'மண்ணின் மைந்தன்'. வேறு வேறு எண்கள். ஆனால் இரண்டு படமும் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட்டவை. இரண்டிலும் இடது ஓரத்தில் பழுப்பாக ஏதோ தொங்கியது. நான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஏழுமலை எட்டிப் பார்த்தார். "டீ வடிகட்ற துணி," என்றார்.

கஜேந்திரனும் எட்டிப் பார்த்தார். "ஆமா மாப்ள," என்றார். நெடுநாளைக்குப் பிறகு அவர் ஏழுமலையிடம் பேசிய முதல் சொல் அது. பேசிவிட்டோமே என்று அவருக்கே திக்கென்று இருந்திருக்க வேண்டும், உடனே வாயை மூடிக்கொண்டார்.

மேலும் தள்ளிப் பார்த்தேன். 'குடும்பம் வேற, கொள்கை வேற' என்பது இரண்டு குழுவிலும் ஒரே நாளில் வந்திருந்தது. பச்சைப் பத்திரிகை அடிக்கச் சொன்னவரும் உண்மை விளம்பிதான். அதைத் தொடாதே என்று சொன்னவரும் மண்ணின் மைந்தன்தான்.

கேன்டீன் மாஸ்டரைக் கூப்பிட்டேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். மேஜைமேல் இருந்த செல்போன்களைப் பார்த்தார். மறைக்கவே இல்லை.

"மொதல்ல எத்தினி பேரு பொங்கல் துன்ன மாட்டாங்கன்னு தெரிஞ்சிக்கத்தான் மேடம் ரெண்டு குரூப்புலயும் சேந்தேன். மாவு வீணாவுதில்ல. அப்பால சும்மா ஒரு போட்டோ போட்டேன். எல்லாரும் கைய தட்னாங்க."

"அதனால?"

"இத்தினி வருசமா சாம்பார் வெக்கிறேன் மேடம். ஒருத்தன் நல்லாகீதுன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. உப்பு ஜாஸ்தின்னா மட்டும் சொல்லுவான். அங்க ஒரு வரி போட்டா பூவா கொட்றாங்க. அடுத்த நாளு இன்னும் கொஞ்சம் காரமா போட்டாத்தான் கொட்றாங்க. அவங்களுக்கு அது புட்சிருந்தது, இவங்களுக்கு இது புட்சிருந்தது. யாருக்கு இன்னா வேணுமோ அத்தத்தானே மேடம் பரிமாறணும்? நான் கேன்டீன்காரன்."



கஜேந்திரன்தான் பேசினார். "மாஸ்டர், அந்த சுருளு உழுந்திருந்தா இவன் கீழ நின்னுக்கினு இருந்தான்யா. எந்தங்கச்சி புருசன்யா."

மாஸ்டர் முகம் அப்போதுதான் மாறியது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஏழுமலை எழுந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து, "உடு மாஸ்டர், சாம்பாரு நல்லாத்தான் கீது," என்றார். அது பொய். ஆனால் அந்த நேரத்துக்குத் தேவையான பொய்.

சஸ்பெண்ட் உத்தரவு கையெழுத்தாகவில்லை. இருவரும் ஒரு வாரம் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனார்கள். மாஸ்டர் இரண்டு குழுவிலிருந்தும் விலகி, கேன்டீனில் எல்லோர் முன்னாலும் நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. சொன்னார், உருக்கமாகவே சொன்னார். யாரும் நம்பவில்லை. ராட்டினக்காரர்கள் பூட்டுக்காரர்கள் மிரட்டிச் சொல்லவைத்துவிட்டார்கள் என்றார்கள். பூட்டுக்காரர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். சுருள் இறங்கியதை இரண்டு குழுவும் தங்கள் வெற்றி என்று கொண்டாடியதாக அறிந்தேன். உண்மையை எடுத்துச் சொன்னால் ஊர் மாறிவிடும் என்று நம்பி இந்த வேலைக்கு வந்திருந்தால், அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அன்று எனக்குக் கிடைத்தது உடையாத ஒரு லாரியும் பேசிக்கொள்ளும் இரண்டு மனிதர்களும்தான். ஒரு நாள் வேலைக்கு அது குறைவில்லை என்று நினைக்கிறேன்.

காதுகுத்துக்கு நானும் போனேன். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஊசி பக்கத்தில் வருவதற்கு முன்பே ஊரைக் கூட்டியது. கஜேந்திரன் குழந்தையைவிட அதிகமாக அழுதார். செல்வி இருவருக்கும் ஒரே துணியால் முகம் துடைத்துவிட்டார்.

தேர்தல் முடிந்தது. ஒரு கட்சி வென்றது. கஜேந்திரனும் கட்சி மாறவில்லை, ஏழுமலையும் மாறவில்லை. சில மாதம் கழித்து நான் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது, புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரே நெரிசல். நடுவில் ஒரு மோட்டார் பைக். கஜேந்திரன் முன்னால், ஏழுமலை பின்னால். வண்டி நகர வழி கிடைத்தும் நகரவில்லை. ஏழுமலை முன்னால் இருப்பவர் காதுக்குள் எதையோ கத்த, கஜேந்திரன் ஹேண்டிலை விட்டுவிட்டு முழுக்கப் பின்னால் திரும்பி, அங்கிருந்த மேம்பாலத்தை யார் ஆட்சியில் கட்டினார்கள் என்று கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

நான் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினேன். "என்னப்பா, நடு ரோட்டில சண்டை?"

கஜேந்திரன் என்னைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சண்ட இல்ல மேடம்," என்றார். "பேசிக்கினு கீறோம்."